டயல் ஒன்று, மிஷின் ஒன்று!



வரி, உரிமம், தராசு முத்திரை ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசும் நமது ஏட்டில், இம்முறை பழைய கைக்கடிகாரங்களைப் பற்றி எழுதுகிறேன். மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பழைய வாட்சுகளைத் தேடி வாங்கிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் உள்ளனர். அவர்களில் ஒரு சாரார் 24 மணி டயல் உள்ளவற்றையே நாடுகிறார்கள். நாம் கட்டும் வாட்சில் சின்ன முள் ஒரு நாளில் இரண்டு சுற்றுச் சுற்றும். இதில் ஒரே சுற்றுதான். பெரும்பாலானவற்றில் 24 என்ற எண் உச்சியிலும் 12 அடியிலும் இருக்கும். உச்சி வெயிலில் சின்ன முள் கீழ்நோக்கி நிற்கும். மாலை 6 மணிக்கு, நம் வாட்சில் 9 இருக்கும் இடத்தில் 18 என்று காட்டும்.

இது வேடிக்கைக்காகச் செய்ததல்ல. துருவப் பகுதியில் மாதக்கணக்கில் சூரியன் மறையாது. பிறகு மாதக்கணக்கில் உதிக்காது. மணி 6 என்றால் காலையா மாலையா என்று வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அத்தகைய பயணிகளுக்காகச் சோவியத் நாட்டின் ராக்கெட்டா நிறுவனம் 24 மணி வாட்சுகளைச் செய்தது. அதற்கு முன்பே, 1953-ல் சுவிட்சர்லாந்தின் கிளைசின் நிறுவனம் விமானிகளுக்காக 'ஏர்மேன்' வாட்சை வெளியிட்டது. 1962 மே 24 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் பூமியைச் சுற்றியபோது, பிரைட்லிங் நிறுவனத்தின் 24 மணி வாட்சைத்தான் கட்டியிருந்தார்.

நாள் முழுவதையும் ஒரே கணக்காக எண்ணுவது நமக்கும் புதிதல்ல. சூரிய உதயம் தொட்டு மறு உதயம் வரை 60 நாழிகை என்றுதான் நம் முன்னோர் கணக்கிட்டார்கள். சின்னசேலம் ரயில் நிலையத்தில் இரவு எட்டு மணியை 20.00 என்றுதான் குறிக்கிறார்கள். சரக்குக்கு நாம் எடுக்கும் ஈ-வே பில்லும் நள்ளிரவை வைத்தே நாளைக் கணக்கிடுகிறது. 23.55-க்கு எடுத்த பில்லுக்கும் பத்து நிமிடம் கழித்து 0.05-க்கு எடுத்த பில்லுக்கும் முடியும் நேரத்தில் முழுசாக ஒரு நாள் வித்தியாசம் வரும். லாரி அனுப்புகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இனி நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். 1961-ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்புடன் எச்.எம்.டி. வாட்ச் உற்பத்தி தொடங்கியது. கல்யாண மாப்பிள்ளைக்கும் பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும் எச்.எம்.டி. வாங்கித் தந்த காலம் உண்டு. பின்னர் நம் ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது. சாவி கொடுக்கும் வாட்சுகள் பீரோவுக்குள் போய்விட்டன. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இனி வராது என்றதும் பழைய சரக்குக்கு மதிப்புக் கூடியது.

மதிப்புக் கூடிய இடத்தில் கலப்படமும் நுழைந்தது. பழைய வாட்சின் மங்கிய டயலைச் சுரண்டி, பளபளவென்று வண்ணம் பூசி, இல்லாத எண்களையும் சின்னங்களையும் அச்சிட்டு, அபூர்வ வாட்ச் என்று விற்பவர்கள் முளைத்தார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. எவரோ சிலர் செய்ததற்கு ஒரு மாநகரின் பெயரே கேலிப் பெயராகிவிட்டது. இன்று இந்தியாவிலிருந்து நேர்மையான ஒருவர் அசல் வாட்சை விற்க முன்வந்தாலும், வாங்குபவர் முதலில் சந்தேகப்படுகிறார்; அடுத்து விலையைக் குறைக்கிறார்.

டயலைப் புதுப்பிப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு கைத்தொழில்தான். புதுப்பித்தது என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். சொல்லாமல் விற்றால் மோசடி.

24 மணி வாட்சைச் சோதிக்க நிபுணர் தேவையில்லை. சாவியை இழுத்துப் பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். சின்ன முள் அடுத்த எண்ணுக்கு மட்டும் நகர்ந்தால் மிஷின் அசல். ஒரே சுற்றில் இரண்டு எண் தாண்டினால், 12 மணி மிஷின் மேல் 24 மணி டயலை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த வாட்ச் ஒருநாளும் சரியான மணி காட்டாது. வெளி வட்டத்தில் 1 முதல் 12 வரையும், உள்ளே பொடி எழுத்தில் 13 முதல் 24 வரையும் இருப்பது வேறு. அது 12 மணி வாட்ச்தான், அதில் தவறில்லை. எழுத்து பிசிறடிக்கிறதா, பழைய கூட்டுக்குள் டயல் மட்டும் புதுக்கருக்குடன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது நம் கடைக்கு வருவோம். சாயம் ஏற்றிய மஞ்சள், பழைய பருப்புக்குப் பாலீஷ், பெயர் மாற்றிய அரிசி மூட்டை ஆகியவையெல்லாம் வேறென்ன? டயல் ஒன்று, மிஷின் ஒன்று! லேபிளில் பொய் இருந்தால் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 3 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம், மார்க்கெட்டுக்கு வந்த கெட்ட பெயரைக் கட்டித் தீர்க்க முடியாது. ஒரு லோடில் ஒருவர் செய்த கலப்படத்தால், அந்த ஊர்ச் சரக்குக்கே வெளியூர் வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்பான். நைனார்பாளையம் போன்ற சிற்றூர் வியாபாரிக்கு ஊர்ப் பெயர்தான் டிரேட் மார்க்.

ஆகவே நம் உறுப்பினர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, வீட்டில் கிடக்கும் அப்பா காலத்து வாட்சைப் பழைய சாமான்காரரிடம் வந்த விலைக்குப் போட்டுவிடாதீர்கள். நல்ல கடிகாரக் கடையில் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டயலில் மட்டும் கை வைக்கச் சொல்லாதீர்கள். மங்கிய அசலுக்குத்தான் மதிப்பு. இரண்டு, கடையில் எந்தச் சரக்கானாலும் பழசைப் பழசு என்றும் இரண்டாம் ரகத்தை இரண்டாம் ரகம் என்றும் சொல்லியே விற்போம். லாபம் சற்றுக் குறையலாம்; வாடிக்கையாளர் மறுபடியும் நம் கடைக்குத்தான் வருவார்.