ஆஃப் சீசனில் திரும்பி வரட்டும்

கொடைக்கானல் வானாய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மனநோயால் சில மாதம் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். பணிக்காலத்தில் பாதிப்புக்குள்ளான அரசு ஊழியரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது அதன் 20-ஆவது பிரிவு. நீடித்த மனநோயும் அதில் அடக்கம். அதே ஊரில் லாட்ஜ் ரூம் பாய்க்கு அந்த நோய் வந்தால்? மே மாதத்தில் அவர் படுத்தால், சாயங்காலமே வேறொரு பையன் வந்துவிடுவான்.

அரசு வேலையிலும் சட்டம் தானாக வந்து கைகொடுப்பதில்லை. மனநோய் இருந்த சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவர் மீது 2010-இல் தொடங்கிய ஒழுங்கு நடவடிக்கை பாரபட்சமானது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2021 டிசம்பர் ஆகிவிட்டது. அவராவது டெல்லி வரை போனார்.

லாட்ஜில் சிக்கல் மிகச் சின்ன இடத்தில் தொடங்குகிறது. மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கை லேசாக நடுங்கலாம். டிரேயில் டம்ளர்கள் கடகடக்கும். கஸ்டமர் நிமிர்ந்து பார்ப்பார். கல்லாவில் இருப்பவரும் பார்ப்பார். இன்னும் சில மாத்திரைகள் காலையில் ஆளை அசத்திப் போடும். சீசனிலோ விடியுமுன்பே வேன்கள் வந்து நிற்கும், ரூம் பாய்க்குத் தூக்கம் ஏது? இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெட்டாலே நோய் திரும்பக்கூடும். நைட் டியூட்டி வேண்டாம், கொஞ்ச நாள் டிரே வேண்டாம், துணி அடுக்கும் வேலை போதும் என்று முதலாளி சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதற்குப் பெரிய செலவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மனநலக் காரணத்தால் விடுப்பில் இருப்பவருக்குச் சிகிச்சையோடு வேலையிடத்திலும் மாற்றம் செய்வதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. படிப்படியாகத் திரும்புவது அதில் ஒரு வழி. ஜெனீவாக்காரர்கள் சொல்லும் அந்தப் படிகள் கொடைக்கானலின் காலண்டரிலேயே இருக்கின்றன. ஏப்ரல், மே நெரிசல் முடிந்து மழை இறங்கிவிட்டால் அறைகள் காலியாகக் கிடக்கும். அரை நாள் வேலையில் ஆரம்பித்து, செப்டம்பர் கூட்டத்துக்குள் முழு நாளுக்கு வர அதைவிடத் தோதான காலம் கிடையாது.

“ஆளே இல்லாத மாசத்துல யாருங்க சம்பளம் குடுக்கிறது?” என்று முதலாளி கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். படுத்திருக்கும் காலத்துக்கு ஒரு பதில் உண்டு. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் மனச்சிதைவும் இருக்கிறது. தகுதியுள்ள தொழிலாளிக்கு 80 சதவீதக் கூலி, தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை. ஆனால் வேலைக்கு வந்த நாளுக்கு அந்தப் பணம் கிடையாது. அரை நாள் வருபவரின் மீதிக் கூலியில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும். கடைத் தொழிலாளிக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் போட்ட மாநிலம் இது, இதையும் செய்யலாம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களின் தினக்கூலிகளுக்கு இது இன்னும் எட்டாத பேச்சு. பதிவேட்டில் பெயரே இல்லாதவர் எந்த வேலைக்குத் திரும்பி வருவார்? லாட்ஜிலாவது இதை உடனே தொடங்கலாம்: உரிமம் புதுப்பிக்க வருபவரிடம் கட்டட வரைபடம் கேட்கும்போதே, தொழிலாளர் பட்டியலையும் ஈ.எஸ்.ஐ. எண்களையும் நகராட்சி கேட்டு வாங்க வேண்டும்.