தோளினின்று இறங்கிய பிள்ளை

பிள்ளை முதலடி எடுத்து வைத்த நாளிற் கைகொட்டி மகிழ்ந்த பெற்றோரே, அவ்வடிகள் வீட்டு வாயிலைக் கடக்குங்கால் முகம் வாடுகின்றனர். "இக்காலப் பிள்ளைகள் சொற்கேளார்" என்று பழியும் உரைக்கின்றனர். இது முறையாகுமா?

திருக்கோணமலையில் வாழும் நாம் இதற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் கோணேசர்மீது பதிகம் பாடிய திருஞானசம்பந்தரின் வரலாற்றிலேயே அது உண்டு. தந்தையார் சிவபாத இருதயர் பிள்ளையைத் தோளிற் சுமந்து தலயாத்திரை செய்தார். திருநெல்வாயில் அரத்துறைக்குச் செல்லும் வழியிலோ, பிள்ளையார் அத்தோளை விடுத்துத் தாமே நடந்தார். சின்னஞ்சிறு பாதங்கள் நொந்தன. தந்தையின் உள்ளமும் நொந்தது. இவ்விரு நோவையும் சேக்கிழார் ஒருங்கே காட்டுகின்றார்.

என் மகள் பல்கலைக்கழகம் புகக் கொழும்புக்குப் புறப்பட்ட இரவு, புகைவண்டி நிலையத்தில் அவள் பெட்டியைத் தூக்கினேன். "விடுங்கோ அப்பா, நானே கொண்டுபோறன்" என்று வாங்கிக்கொண்டாள். பிரெட்ரிக் கோட்டை வாயிலிலிருந்து கோயில்வரை அவளைத் தோளிற் சுமந்து ஏறிய நாள்கள் நினைவில் எழுந்தன. பெருமிதம் வந்தது, உடன் சினமும் வந்தது. அச்சினத்தை ஆராய்ந்தபோது நாணினேன். அவளுக்குச் சுமை கூடிற்றே என்னும் இரக்கம் அதில் ஒரு பங்கு. எனக்கு இனி வேலை இல்லையே என்னும் தன்னலம் மூன்று பங்கு.

அன்பையும் ஆட்சியையும் ஒன்றெனக் கொள்வதே நம் பிழை. பிரிவின் நோவு இயற்கையானது. அதனை மறைக்க வேண்டா. ஆயின், அந்நோவைக் காட்டிப் பிள்ளையை மீண்டும் தோளில் ஏற்ற முயல்வது அன்பாகாது. தோளை விட்ட பிள்ளை தந்தையை விட்ட பிள்ளையும் அன்று. பின்னாளில் மதுரைக்குச் சென்ற மகனைக் காணத் தந்தையார் தேடி வந்தார். அவரைக் கண்டதும் சம்பந்தரின் நெஞ்சம் சீகாழியை நோக்கியே சென்றது. அவ்வூர்ப் பெருமானை வினவிப் பாடினார் என்பது பெரியபுராணம்.

அதன் பின்னரே இராமேச்சுரம் சென்று, அங்கிருந்தவாறே கடலுக்கு அப்பாலுள்ள நம் கோணமலையைப் பாடினார். தந்தையின் தோள் அத்துணைத் தொலைவு சுமந்திருக்க இயலுமோ?

இப்பொழுதும் மகள் விடுமுறைக்கு வருங்காற் பெட்டியை அவளே தூக்கி வருகின்றாள். நான் நிலையத்துக்குச் செல்வதை மட்டும் நிறுத்தவில்லை.