பச்சை பெல்ட்டும் காக்கிச் சட்டையும்

எங்க திருவண்ணாமலைல "பெண்களுக்கான தற்காப்புக் கலை"ன்னு ஃப்ளெக்ஸ் வைக்காத கராத்தே கிளாஸ் குறைவு. கராத்தே மட்டுமா, சிலம்பம், குங்ஃபூ எல்லாத்துக்கும் அதே வார்த்தைதான். நல்ல விஷயம், நான் எதிரி இல்லை சாமி. அந்த 'தற்காப்பு'ங்கற வார்த்தை மேலதான் எனக்கு சண்டை.

அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா, பச்சை பெல்ட். போன தடவை ஊருக்குப் போனப்ப அவளைக் கூட்டிட்டு வரப் போய், அரை மணி நேரம் வகுப்பைப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடிச்சா எப்படி விடுவிக்கறதுன்னு பாடம். டெக்னிக் சரிதான். பிடிக்கறவனோட கட்டைவிரலும் மத்த விரல்களும் சந்திக்கிற இடம்தான் பிடியில பலவீனமான இடம், அந்தப் பக்கமா திருப்பி இழுக்கணும். ஆனா பிடிச்ச பொண்ணு பிரசாதம் குடுக்கற மாதிரி மெதுவா பிடிக்குது, இவ இழுத்ததும் உடனே விட்டுடுது. நிஜத்துல எவன் விடுவான்? முரண்டு பிடிக்கற ஆளோட பழகினாத்தான் உடம்புல ஏறும். 1882ல் ஜூடோவை ஆரம்பிச்ச ஜிகோரோ கானோ இதைப் புரிஞ்சுக்கிட்டவர். ஆபத்தான அடிகளை ஒதுக்கிட்டு, மிச்ச பிடிகளை எதிர்த்து நிக்கற ஆள் மேலயே போட்டுப் பழகற 'ரண்டோரி'க்கு முக்கியத்துவம் குடுத்தார். சிலம்பத்துலயும் ஜோடி போட்டு விளையாடறது உண்டு. (ஆனா ஷேர் ஆட்டோல கம்போட ஏற முடியாதே :-))

இதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. வகுப்புல வர்ற எதிரி எப்பவும் முகம் தெரியாதவன், இருட்டுச் சந்துல பின்னாடி இருந்து பாயறவன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குப்படி, 2022ல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள்ல 95 சதவீதத்துக்கும் மேல, குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிஞ்சவர். மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் சார். அந்த ஆளை உதைக்கறதுக்கு முன்னாடி "கையை எடுங்க"ன்னு சத்தமா சொல்ல வாய் வரணும். அதுக்கு எந்த பெல்ட்டும் கிடையாது. பெரியவங்களை எதிர்த்துப் பேசாதேன்னு வீட்ல, மாஸ்டர் சொன்னா "ஓஸ்"னு குனின்னு வகுப்புல. ஏன் கத்தப் பழக்கறதில்லைன்னு மாஸ்டரைக் கேட்டேன். "அக்கம்பக்கத்துல கம்ப்ளைன்ட் வரும் சார்" என்றார்!

2025 செப்டம்பர் கடைசியில எங்க ஊர் புறவழிச்சாலையில் நடந்தது ஞாபகம் இருக்கும். ராத்திரி சரக்கு வண்டியில் வந்த ஆந்திரா பெண்ணை வன்கொடுமை செய்ததாக ரெண்டு போலீஸ்காரர்கள் கைதானார்கள், பணிநீக்கமும் செய்யப்பட்டார்கள். "கராத்தே கத்திருந்தா தப்பிச்சிருப்பா"ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது. காக்கிச் சட்டை கையைக் காட்டினா நீங்களும் நானும் வண்டியை நிறுத்தத்தான் செய்வோம். சூரியன் மறைஞ்ச பிறகு விடியற வரைக்கும் ஒரு பெண்ணைக் கைது செய்யணும்னா பெண் போலீஸ் வரணும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைலதான், மாஜிஸ்திரேட்டோட முன் அனுமதியோடதான். சட்டத்துல தெளிவா இருக்கு. இது தெரிஞ்சிருந்தாலும் அன்னிக்கு அந்தப் பெண்ணுக்கு உதவியிருக்குமான்னா, உத்தரவாதம் இல்லை. ஆனாலும் எந்த தற்காப்பு வகுப்புல இதைச் சொல்லித் தர்றாங்க?

பயிற்சியே வீண்னு சொல்ல வரலை. கனடால 3 பல்கலைக்கழகங்கள்ல சுமார் 900 மாணவிகளை வச்சு ஒரு ஆய்வு நடந்து, 2015ல் வெளியாச்சு. பாதிப் பேருக்கு மொத்தமே 12 மணி நேரப் பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, பயிற்சி இல்லாதவங்கள்ல 9.8 சதவீதம் பேர் வன்கொடுமைக்கு ஆளாகியிருக்க, பயிற்சி எடுத்தவங்கள்ல அது 5.2. அந்த 12 மணி நேரத்துல அடி உதை ஒரு பகுதிதான். தெரிஞ்ச ஆளோட நடவடிக்கை தப்பாப் போறதை சீக்கிரமே கண்டுபிடிக்கறது, 'அவர் என்ன நினைப்பாரோ'ங்கற தயக்கத்தைத் தாண்டறது, இதுதான் மீதி.

நம்ம அரசுப் பள்ளிகள்ல பெண் பிள்ளைகளுக்கு ராணி லட்சுமிபாய் பேர்ல 3 மாசத் தற்காப்புப் பயிற்சித் திட்டம் இருக்கு. 12 மணி நேரத்தைவிட 3 மாசம் தாராளம். அதுல ரெண்டு வாரம் இதுக்கு ஒதுக்கினாக்கூடப் போதும்.

அடுத்த மாச ஃபீஸ் கட்டறப்ப உங்க மாஸ்டர்கிட்டயும் கேட்டுப் பாருங்க. "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல"ன்னு சொன்னாலும் பிள்ளையை நிறுத்திடாதீங்க, உடம்புக்கு நல்லது. 'கையை எடு'ன்னு கத்தறதை மட்டும் வீட்ல பழக்குங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுடுங்க :-)