பௌத்தம்: முதலில் எந்தப் புத்தகம்?

பௌத்தத்தை அறிய எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று வாசகர்கள் பலர் கேட்கின்றனர். ஒரு நூல் போதாது என்பதே நமது பதில்.

காரணம் என்ன? எட்வின் ஆர்னால்டின் 1879-ம் ஆண்டுக் காவியத்தைத் தழுவிக் கவிமணி பாடிய ‘ஆசிய ஜோதி’ இனிய நூல். அதில் முதுமை, பிணி, சாவு கண்டு சித்தார்த்தர் துறவு பூணுகிறார். டாக்டர் அம்பேத்கர் மறைந்தபின் 1957-ல் வெளிவந்த அவரது ‘புத்தரும் அவர் தம்மமும்’ இதை ஏற்கவில்லை. ரோகிணி நதிநீருக்காகச் சாக்கியர் கோலியர்மீது போர் தொடுக்க முனைந்தபோது, அதை எதிர்த்ததால் அவர் நாடு நீங்க நேர்ந்தது என்கிறது. இலங்கைப் பிக்கு வல்பொல ராகுலர் 1959-ல் எழுதிய நூலோ, பாலி மூலங்களைக் கொண்டு கொள்கையை விளக்குகிறது.

காவியத்தோடு நிற்பவருக்கு, 1956 அக்டோபர் 14-ம் தேதி நாகபுரியில் லட்சக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் ஏன் பௌத்தம் தழுவினர் என்பது விளங்காது. அம்பேத்கரோடு நிற்பவருக்கு, மறுபிறப்பு பற்றி இலங்கை மரபு கொண்டுள்ள கருத்து விளங்காது.

ஆகவே இவ்விருவரையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பிறகு 423 பாக்கள் கொண்ட தம்மபதத்தை எடுங்கள். தமிழகத்தின் பௌத்த வரலாற்றுக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ இருக்கிறது. தனியே வாங்க இயலாதவர்கள் நால்வராகச் சேர்ந்து வாங்கலாம், சேர்ந்தே விவாதிக்கலாம்.

எந்த நூலைத் திறந்தாலும் ஒன்று கேளுங்கள்: இது யாருக்காக எழுதப்பட்டது?