யார் பேச்சு அபத்தம்?

கூலியை உயர்த்து என்றால் "அபத்தம்!" வேலை நேரத்தைக் குறை என்றால் "அபத்தம்!" ஆலை மானேஜர் முதல் பண்ணைக் காரியஸ்தர் வரை எல்லோர் வாயிலும் இந்த ஒரே சொல். இதைக் கேட்டதும் நாம் வாயடைத்து நிற்க வேண்டுமா, தோழர்களே? அந்தச் சொல்லின் யோக்கியதையைத்தான் கொஞ்சம் பார்ப்போமே!

வடமொழியிலிருந்து வந்த சொல் இது. 'பத்தம்' என்றால் கட்டுண்டது. 'அபத்தம்' என்றால் கட்டில்லாதது, ஒன்றோடொன்று சேராதது. தெலுங்குத் தொழிலாளிக்கு இதன் பொருள் பொய். மலையாளத் தொழிலாளிக்குப் பிசகு. நமக்கோ அர்த்தமற்ற பேச்சு. முதலாளி வாயில் மட்டும் நாலாவது அர்த்தம் ஒன்று உண்டு: 'என் லாபத்துக்கு இடைஞ்சல்'!

சான்று வேண்டுமா? 1837ல் இங்கிலாந்தில் நாசோ சீனியர் என்ற பொருளாதாரப் பேராசிரியர், ஆலையின் நிகர லாபம் முழுவதும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் விளைகிறது, அதைக் குறைத்தால் லாபமே ஒழியும் என்று கணக்குப் போட்டார். 1847ல் பெண்களுக்கும் இளவயதினருக்கும் 10 மணி நேரச் சட்டம் வந்தது. ஆலைகள் அழிந்தனவா? பெருகின!

நம் நாட்டில் 1911ஆம் வருஷச் சட்டம் பஞ்சாலை ஆண் தொழிலாளியிடம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. 1922ல் அது 11 ஆயிற்று, 1934ல் 10, 1948ல் 9, வாரத்துக்கு 48. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் மறுபடியும் 12 மணி நேரத்துக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணிதானே என்று சமாதானம் வேறு! 112 வருஷம் பின்னோக்கி நடப்பதற்கு 'அபத்தம்' என்றா பெயர் வைத்தார்கள்? 'நெகிழ்வு' என்றார்கள்! தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே 1 அன்று வாபஸ் அறிவிப்பு வந்தது.

வயல்வெளிக்கு வாருங்கள். கூடுதல் நெல் கூலி கேட்டுச் சங்கமாய்த் திரண்ட கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிந்தன. மேல்முறையீட்டில் மிராசுதார்கள் விடுதலையானார்கள். கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம்! காருக்கும் குற்றமின்மைக்கும் என்ன கட்டு? சொல்லின் நேர்ப்பொருளில், இதுவல்லவா அபத்தம்?

ஆகவே தோழர்களே, இனி யாராவது உங்கள் கோரிக்கையை அபத்தம் என்றால் தலைகுனியாதீர்கள். "பொய்யா? பிசகா? கட்டில்லாததா? எது என்று சொல்லும்" என்று கேளுங்கள். கூலிச் சீட்டையும் விலைவாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கணக்குப் புத்தகத்தை அவரும் திறக்கட்டும். கட்டு எங்கே இருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்!