மீன் எண்ணும் மாணவனுக்குச் சம்பளம் எதற்கு?

கோடை விடுமுறை வந்தால் கல்லூரி மாணவர்கள் வங்கிக்கோ, ஆடிட்டர் அலுவலகத்துக்கோ, மென்பொருள் கம்பெனிக்கோ இன்டர்ன்ஷிப் போவார்கள். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் சில மாணவர்கள் ஆற்றங்கரையில் நின்று மீன் எண்ணப் போகிறார்கள். கேட்டவுடன் சிரிப்பு வரும். மீன் எண்ணுவதற்கு ஒரு படிப்பா, அதற்கு ஒரு இன்டர்ன்ஷிப்பா என்று தோன்றும். ஆனால் அங்கே கோடிக்கணக்கான டாலர் புரளும் ஒரு தொழிலின் பேரேடு அந்த மாணவர்களின் கையில்தான் இருக்கிறது.

இடம், அலாஸ்காவின் தென்மேற்கில் உள்ள பிரிஸ்டல் விரிகுடா. உலகிலேயே அதிகமான சாக்கை சால்மன் மீன்கள் வந்து சேரும் இடம் இதுதான். 2022-ல் மட்டும் சுமார் 7 கோடியே 90 லட்சம் மீன்கள் வந்தன. அவற்றில் சுமார் 6 கோடி பிடிக்கப்பட்டன. இது அந்த விரிகுடாவின் சாதனை. இந்த மீன் ஆற்றில் பிறந்து, ஏரியில் வளர்ந்து, கடலுக்குப் போய் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். முட்டையிட்டதும் இறந்துவிடும். வலை போடுகிற காலமோ மிகக் குறுகியது. ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இதை வணிகவியல் மாணவர்களுக்குச் சொல்வது சுலபம். ஆற்றில் ஏறிப் போகும் மீன் முதல். வலையில் விழும் மீன் வட்டி. முதலில் கை வைத்தால் அடுத்த தலைமுறைக்கு வட்டி கிடையாது. ஆகவே ஒவ்வொரு ஆற்றிலும் எவ்வளவு மீன் தப்பி ஏற வேண்டும் என்று அரசு ஓர் இலக்கு வைத்திருக்கிறது. உதாரணமாக, க்விச்சாக் ஆற்றுக்கு 20 லட்சம் முதல் 1 கோடி வரை. இலக்குக்குத் தேவையான மீன் ஏறுகிறதா என்று பார்த்துத்தான் கடலில் வலை போட அனுமதி நேரம் கூட்டப்படுகிறது, குறைக்கப்படுகிறது. அந்த அறிவிப்புக்காகப் படகுகள் எல்லாம் வானொலியைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

சரி, எவ்வளவு மீன் ஏறியது என்று யார் சொல்வது?

ஆற்றின் இரு கரையிலும் சாரம் கட்டியது போல ஒரு கோபுரம் இருக்கும். அதன் மேல் ஒருவர் ஏறி நின்று, கண்கூசாத கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு, கீழே தெளிந்த நீரில் போகும் மீன்களை எண்ணுவார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கரையில் 10 நிமிடம். வந்த எண்ணை 6-ஆல் பெருக்கினால் அந்த மணி நேரத்துக்கான கணக்கு. இரவும் பகலும், மழையிலும் காற்றிலும், கொசுக்கடியிலும் ஷிப்ட் முறையில் இது நடக்கிறது. 1950-களிலிருந்து இதே முறைதான். இப்படி நிற்பவர்களில் பலர் அந்த ஒரு பருவத்துக்காக வந்த இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள். இது போக, வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 1940-களின் பிற்பகுதியிலிருந்து கோடைதோறும் இந்தப் பகுதிக்குப் போய், மீன்கள் முட்டையிடும் ஓடைகளில் இறங்கி நடந்து கணக்கெடுத்து வருகிறார்கள். கரடி வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டியதுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பத்து நிமிடத்தில் 500 மீன் போகிறது. தூக்கக் கலக்கத்தில் மாணவன் 50 மீனைக் கூடுதலாக எண்ணிவிட்டான். பேரேட்டில் ஏறும் பிழை 50 அல்ல, 300. அல்லது குளிருக்குப் பயந்து கூடாரத்திலேயே படுத்துவிட்டு, போன மணி நேரத்து எண்ணையே கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டான். யாருக்குத் தெரியும்? அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்தத் தலைமுறை மீன் திரும்ப வர நான்கைந்து வருடம் ஆகும். அதற்குள் மாணவன் பட்டம் வாங்கி எங்கேயோ வேலையில் இருப்பான். ஆடிட்டராவது பழைய ரசீதைத் தேடி எடுத்துச் சரிபார்க்கலாம். ஓடிப்போன மீனுக்கு ரசீது கிடையாது. மாணவனின் நேர்மை ஒன்றுதான் ரசீது.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து சாட்சி. 1980-களில் அங்கே காட் மீன் இருப்பு உண்மையைவிட அதிகமாக மதிப்பிடப்பட்டது. பெரிய இழுவலைக் கப்பல்கள் மீன் திரண்டு நிற்கும் இடமாகத் தேடிப் பிடித்ததால், கடலில் மீன் குறைவது அந்தக் கணக்கில் சரியாகத் தெரியவில்லை. 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அந்தத் தடை முழுதாக நீங்க 2024 வரை ஆனது.

ஆக, இந்த வேலையை "விடுமுறைப் பொழுதுபோக்கு" என்று நினைப்பது தவறு. ஆனால் மீன்வளம், வனவிலங்குத் துறைகளில் இப்படிப்பட்ட பருவகாலப் பணிகள் பல இன்னமும் சம்பளமில்லாமலோ, சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் ஆகிற தொகைக்கோ கொடுக்கப்படுகின்றன. "அனுபவம் கிடைக்கிறதே, போதாதா?" என்பார்கள். போதாது. அலாஸ்கா மாநிலத் துறை கோபுரத்தில் நிற்கும் தன் பருவப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் வேலை வாங்குகிறது. அதுதான் நியாயம். சம்பளம் இல்லையென்றால் வீட்டில் வசதி இருப்பவன்தான் வர முடியும். கோடையில் நாலு காசு சம்பாதித்தால்தான் அடுத்த வருடப் படிப்பு என்கிற மாணவன், எவ்வளவு கூர்மையான கண் இருந்தாலும், ஒதுங்கிவிடுவான். அதில் அந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கலாம். சின்ன வயதிலிருந்து ஆற்றைப் பார்த்து வளர்ந்தவனைவிட நல்ல கணக்குப்பிள்ளை யார்?

இயந்திரம் வந்துவிடுமே என்ற வாதமும் உண்டு. உண்மைதான். கலங்கலாக ஓடும் நூஷகாக் ஆற்றில் ஒலி அலைக் கருவி வைத்துத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் திரையில் தெரியும் நிழல் எந்த வகை மீன் என்று பிரித்துச் சொல்ல, மனிதர்கள் வலை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மீனின் வயதை அறியச் செதிலை எடுக்கவும் ஆள் வேண்டும். கருவி வந்தால் வேலை மாறுமே தவிர, பொறுப்பு மாறாது.

ஒரு கம்பெனியில் கல்லாவில் உட்காருபவருக்குச் சம்பளம் இல்லை, அனுபவம் மட்டும்தான் என்று எந்த முதலாளியாவது சொல்வாரா? சொன்னால் கல்லா என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆற்றங்கரையில் நிற்கும் மாணவனும் ஒரு கல்லாவில்தான் இருக்கிறான். அதில் இருப்பது இன்றைய மீனவர்களின் பிழைப்பும், ஐந்து வருடம் கழித்து வலை போடப்போகிறவர்களின் பிழைப்பும்.