கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



"தோட்டம் கைமாறப் போகுதாம்" என்ற பேச்சு லயத்தில் கிளம்பிவிட்டால் எவருக்கும் தூக்கம் வராது. சில நாளில் ஆபீஸிலிருந்து ஆள் வரும். மேசைமேல் மலாய் மொழியில் ஒரு தாள். "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்பார் கிராணி. போட்டுவிட்டு வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்லும்: "சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்."

அந்த ஒரு வரியின் விலை தெரியுமா?

தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு முதல் வேலைநிறுத்த நட்டஈட்டு விதிகள் உள்ளன. ஓராண்டாவது தொடர்ந்து உழைத்தவரை ஆள்குறைப்பில் நிறுத்தினால், அவர் 2 ஆண்டுக்குக் குறைவாக உழைத்திருந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 ஆண்டு ஆகி 5 ஆண்டு ஆகாதவருக்கு 15 நாள். 5 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 20 நாள்.

பால்மரக் காட்டில் 22 ஆண்டு உழைத்தவருக்கு 440 நாள் சம்பளம். நாளொன்றுக்கு 65 வெள்ளி என்று வைத்தாலும் 28,600 வெள்ளி! வேலை நின்ற 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கணக்கையும் எழுத்தில் காட்ட வேண்டும். 8 வார முன்னறிவிப்பு, அல்லது அதற்கான சம்பளம், இதற்குப் புறம்பு.

தானாக விலகியவருக்கு இந்த நட்டஈடு கிடையாது. புது முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலையைத் தொடரச் சொன்னாலும் கிடையாது. ஆனால் அப்போது உங்கள் பழைய ஆண்டுகள் அழிந்துபோவதில்லை, கணக்கில் சேரும்.

இவை இரகசியமல்ல. ஒரு காலத்தில் சட்டப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்று நாட்டின் சட்டங்களைச் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் தன் இணையத் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கைப்பேசியிலேயே படிக்கலாம். ஆனால் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. "சட்டம் தெரியாது" என்ற சாக்கு நீதிமன்றத்தில் எடுபடாது. அப்படியிருக்க, பாட்டாளிக்குப் புரியும் மொழியில் அது அவன் கைக்கு எட்ட வேண்டாமா?

அதுவரை படித்த பிள்ளைகளே நமக்குத் துணை. வேலைச் சட்டம் 1955, நட்டஈட்டு விதிகள் 1980 என்று தேடி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

அடுத்த முறை தாளை நீட்டினால், "ஒரு நகல் கொடுங்க ஐயா, வீட்டில் படித்துப் பார்த்துட்டு வர்றேன்" என்று பணிவாகவே சொல்லுங்கள். அது அடாவடி அல்ல. உங்கள் 22 ஆண்டு உழைப்புக்கு நீங்கள் போடும் வேலி.